தொட்டிக்குள் ஒரு கைப்பிடிக் கண்மாய்

மீன்தொட்டி என்றால் அடியில் வண்ணக் கூழாங்கல், நடுவே பிளாஸ்டிக் கோட்டை, அதன் வாசலில் குமிழி விடும் பொம்மை. கடையில் அப்படித்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். மீன் வளர்ப்பில் ஊறிப்போனவர்களின் வீட்டில் தொட்டி வேறு மாதிரி இருக்கும். கண்ணாடி, தண்ணீர், மீன், அவ்வளவுதான். அடியில் ஒரு கல் கிடையாது. அந்த வெறும் கண்ணாடித் தரையில் நாலு மண்சட்டிகள் உட்கார்ந்திருக்கும். அவற்றிலிருந்து இலைகள் பச்சைப்பசேலென்று எழுந்து நிற்கும்.

டிஸ்கஸ், தங்கமீன் வளர்ப்பவர்களுக்கும் குஞ்சு எடுத்து விற்பவர்களுக்கும் இந்த வெறுந்தரைத் தொட்டிதான் பிடிக்கும். மீனின் எச்சமும் தின்னாமல் விட்ட தீனியும் கல்லிடுக்கில் ஒளிய முடியாது. ஒரு ரப்பர் குழாயை வைத்து இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். சுத்தம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தரையை எடுத்ததும் அது இத்தனை நாள் சத்தமில்லாமல் பார்த்துவந்த வேலைகளும் சேர்ந்து போய்விடுகின்றன. அந்த வேலைகள் இனி நாலு சட்டிகளின் தலையில்.

மதுரை கே.கே. நகரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஊரை ஒட்டியே வண்டியூர் கண்மாய் கிடக்கிறது. எந்தக் கண்மாயை எடுத்துக்கொண்டாலும் சரக்கெல்லாம் அடியில்தான். விழுந்த இலை மக்குவதும், செத்த நத்தை கரைவதும், தாமரை வேர் விடுவதும் அந்தக் கருஞ்சேற்றில். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஒன்றில் விளிம்பு வரை ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். நாலு குடம் தண்ணீர். நாலு அங்குல வாயுள்ள சட்டிகள் நாலை அதில் இறக்கினால் தரையில் ஆறில் ஒரு பங்கைத்தான் அடைக்கும். அந்த ஆறில் ஒரு பங்கு எப்படி முழுக் கண்மாய்த் தரையாக வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை.

முதலில் தீனிக் கணக்கு. உலர்தீனியில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தின் எடையில் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதில் ஒரு பகுதியைச் சதையாக்கிக்கொள்கிறது. பெரும்பகுதியை அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. விடும் வழி எது தெரியுமா? பெரும்பாலும் செவுள். மூச்சு வாங்கும் இடத்திலேயே கழிவும் வெளியேறுகிறது. ஆகவே எச்சத்தை எத்தனை கவனமாக உறிஞ்சி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத பாதி அசுத்தம் தண்ணீரோடு கலந்தேதான் இருக்கும். தினம் ஒரு கிராம் தீனி போட்டால் நம் நாலு குடத் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 0.8 மில்லிகிராம் நைட்ரஜன் நாள்தோறும் ஏறும்.

அந்த அம்மோனியாவுக்கு இரண்டு முகம் உண்டு. அம்மோனியம் அயனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. கரைந்த வாயுவாக மாறினால் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைத் தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் முடிவுசெய்கின்றன. 30 டிகிரி தண்ணீரில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம் மட்டுமே நச்சு வாயு. பிஹெச் 8 ஆகிவிட்டால் 7.5 சதவீதம். ஒரே ஒரு எண் ஏறியதற்கு ஒன்பது மடங்கு விஷம்! மதுரைப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்புக்கூடியது. பிஹெச் ஏழைத் தாண்டி நிற்பது அதற்குச் சாதாரணம். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சமவெளி ஊர்க்காரர்கள் அம்மோனியாவுக்கு மலையூர்க்காரர்களைவிடக் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

இதை மடக்கும் முதல் படை பாக்டீரியா. அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும் என்பது 1890 வாக்கில் ருஷ்ய விஞ்ஞானி செர்ஜி வினோகிராட்ஸ்கி காட்டிய பாடம். நூறாண்டுக்கும் மேல் அதில் யாரும் கை வைக்கவில்லை. 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அதைத் திருத்தின: இரண்டு வேலைகளையும் ஒண்டியாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் இருக்கின்றன. ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் ருஷ்யாவில் 1,200 மீட்டர் ஆழத்து எண்ணெய்க் கிணறு. இன்னொரு குழுவுக்கு? மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டர். வீட்டில் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழிந்து கழுவுகிறவர்கள் கொஞ்சம் மரியாதையோடு பிழியலாம்.

இந்த பாக்டீரியாக்கள் நீந்தித் திரிவதைவிட எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்புகின்றன. கூழாங்கல்லை எடுத்துவிட்டதால் அவற்றுக்கு வீட்டுப் பஞ்சம். ஸ்பாஞ்ச் கொஞ்சம் இடம் தரும். மெருகு ஏற்றாத மண்சட்டி கொஞ்சம் தரும். மண் வேலைக்குப் பேர்போன விளாச்சேரியும் மானாமதுரையும் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சூளையில் வெந்த மண்ணின் நுண்துளைகளில் நீர் புகும், வெளிப்புறச் சொரசொரப்பில் பாக்டீரியாப் படலம் பிடிக்கும். வாசலில் வைத்தால் நீரைக் கசியவிட்டுக் குளிர்விக்கும் அதே துளைகள், தண்ணீருக்குள் போனதும் வாடகைக் குடியிருப்பு ஆகிவிடுகின்றன.

இரண்டாவது படை செடி. அதன் சாமர்த்தியம் பலருக்குத் தெரியாது. வயலுக்கு நைட்ரேட்டும் போடுகிறோம் என்பதால் செடிக்கு நைட்ரேட்தான் விருப்பம் என்று நினைக்கிறோம். நீர்ச்செடிகளில் பல அம்மோனியத்தைத்தான் முதலில் எடுக்கும். காரணம் சிக்கனம். நைட்ரேட்டை உறிஞ்சினால் அதை உடைத்துத் திரும்ப அம்மோனியமாக்கிய பிறகே புரதம் கட்ட முடியும். அதற்குச் சக்தி செலவாகும். நேராக அம்மோனியமே கிடைக்கும்போது எதற்கு அந்தச் சுற்றுவழி? பாக்டீரியா எடுத்துக்கொள்வதற்கு முன் செடி ஒரு பங்கைத் தட்டிப் பறித்துவிடுகிறது.

மீனும் செடியும் ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாட்டை வீட்டுக்குள் நடத்திக் காட்டிய முன்னோடி லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நாடாச் செடியையும் விட்டார். பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்னக் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். தண்ணீர் தெளிந்தது, மூன்றும் பிழைத்தன. 1850-இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைய மீன்தொட்டிக் கலையின் பூர்வீகம் அங்கேதான்.

இப்போது சட்டிக்குள் இறங்குவோம். சொல்லப்போனால் எனக்குச் சட்டிக்குள் நடப்பது, மீன் செய்வதைவிடச் சுவாரஸ்யமாகப் படுகிறது.

நீரில் மூழ்கிய மண்ணுக்குள் ஆக்சிஜன் சில மில்லிமீட்டர்தான் போகும். நீரிலேயே அது அரிய சரக்கு: 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். அதே ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் இருக்கிறது. மேல்மண்ணில் உள்ள உயிரிகள் அந்தக் கொஞ்சத்தையும் காலி செய்துவிடும். அதற்குக் கீழே இருப்பவை ஆக்சிஜனுக்குப் பதில் வேறு எதையாவது கொண்டு ‘மூச்சுவிட’ வேண்டும். முதலில் நைட்ரேட்டைப் பிடிக்கின்றன. அது சாதாரண நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியாக மேலேறிக் காற்றோடு போய்விடுகிறது. மீன் கழிவின் நைட்ரஜன் தொட்டியை விட்டே வெளியேறும் முக்கியமான இயற்கை வாசல் அது. காற்று குமுறும் ஸ்பாஞ்ச் ஃபில்டரால் பெரும்பாலும் செய்ய முடியாத வேலை. நைட்ரேட் தீர்ந்ததும் மாங்கனீசு, பிறகு இரும்பு, அதன்பின் சல்பேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை இறங்குகிறது. செம்மண் நிரப்பிய சட்டியின் உட்புறம் சில வாரங்களில் சாம்பல் நிறமாவதற்கு இந்த இரும்புக் கட்டம்தான் காரணம். துரு நிறத்து இரும்பு கரையும் இரும்பாக மாறும்போது, அது இறுக்கிப் பிடித்திருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. செடிக்கு உரம் தயார்.

சல்பேட் கட்டத்தில் மட்டும் ஜாக்கிரதை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும், வேரைக் கொல்லும். முழுத் தரைக்கும் மண் போட்ட தொட்டியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிச் செடி போய்விடும். சட்டி என்றால் கையால் தூக்கி, வாளியில் வைத்து, மோந்து பார்த்துவிடலாம்.

ஆக்சிஜன் இல்லாத மண்ணில் வேர் எப்படி உயிரோடிருக்கிறது? மேலிருந்து குழாய் போட்டுக்கொள்கிறது. நீர்ச்செடியின் தண்டைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். காற்றறைத் திசு என்று பெயர். காற்று ஓடுவதற்கென்றே செல்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடம். இலையில் வெளிச்சத்தால் உண்டான ஆக்சிஜன் அந்தப் பாதையில் வேர்நுனிவரை இறங்கி, கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. கசிந்த இடத்தில் கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகப் படிகிறது. நன்றாக வளர்ந்த செடியைச் சட்டியிலிருந்து பிடுங்கும்போது வேரைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பூச்சு தெரிந்தால், வேர் மூச்சுவிட்டதன் தடயம் அது. அந்த ஒரு மில்லிமீட்டர் துரு வளையத்துக்குள் ஆக்சிஜன் உலகம். வெளியே ஆக்சிஜன் இல்லாத உலகம்.

அல்லிக் குடும்பத்தார் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். 1980-இல் ஜான் டேசி என்ற ஆய்வாளர் மஞ்சள் அல்லி வகை ஒன்றை அளந்தார். வெயிலில் சூடேறும் இளம் இலைகளுக்குள் அழுத்தம் கூடி, காற்று காம்பு வழியே சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குத் தள்ளப்பட்டு, முதிர்ந்த இலைகள் வழியே வெளியேறுகிறது. ஒரே இலைக்காம்பில் நாளுக்கு 22 லிட்டர் காற்றுவரை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் மூன்று நிமிடத்தில் இழுத்து விடும் காற்று அது. நம் தாமரையும் இதே உத்தியைக் கையாளுகிறது. மீனாட்சி கோயில் பொற்றாமரைக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது.

வெளிச்சத்தில் இலைகளிலிருந்து முத்து முத்தாகக் குமிழி ஏறும். பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலால் மூடிச் சோதனைக்குழாயைக் கவிழ்த்து வைத்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். அந்தப் பழைய ஹைட்ரில்லா, கடினநீருக்கென்றே பிறந்த மேதை. செடிக்குக் கரியமில வாயு வேண்டும். ஆனால் அது காற்றில் பரவுவதைவிட நீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. போதாததற்கு பிஹெச் 8-இல் நீரிலுள்ள கரிமத்தில் இரண்டு சதவீதம்தான் கரியமில வாயுவாக இருக்கும். மிச்சமெல்லாம் பைகார்பனேட், அதாவது கெட்டிலில் வெள்ளையாகப் படியும் உப்பின் முன்வடிவம். மூங்கில் இலை மாதிரியான ஜாவா ஃபெர்ன், மாஸ் எனப்படும் பாசிச்செடி வகைகள் இதைத் தொடமாட்டா. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் தொடும்.

அதுவும் எப்படி! ஹைட்ரில்லாவின் இலை இரண்டே செல் தடிப்பு. இலையின் அடிப்பக்கத்தில் அமிலத்தைக் கசியவிட்டு, பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக உடைத்து உள்ளே இழுக்கிறது. மேல்பக்கத்தில் காரம் தேங்கிச் சுண்ணாம்பு படிகிறது. நம்மூர்த் தண்ணீரில் வளர்ந்த ஹைட்ரில்லாவைத் தொட்டால் சொரசொரப்பாக இருப்பதற்கு அந்தச் சுண்ணாம்பும் ஒரு காரணம். கரும்பும் சோளமும் கரியமில வாயுவைச் செறிவாக்க இரண்டு வகைச் செல்களைத் தனித்தனியே கட்டிவைத்திருக்கின்றன. அதே வேலையை ஹைட்ரில்லா, தட்டுப்பாடு வந்தால் மட்டும், ஒரே செல்லுக்குள் முடித்துக்கொள்கிறது. ஆகவே கே.கே. நகரில் போர் தண்ணீரை நம்பித் தொட்டி வைப்பவர், கடைக்காரர் காட்டும் சிவப்புச் செடிகளில் மயங்காமல் வாலிஸ்னேரியாவில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி.

கடையில் வாங்கிய செடி வீட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து நாளில் இலை கரைந்து கூழாவதைப் பார்த்துப் பலர் மனம் உடைகிறார்கள். இலங்கை ஓடைகளின் சொந்தக்காரரான கிரிப்டோகோரைன் இதில் பெயர்பெற்றது. வளர்ப்பவர்கள் ‘கிரிப்ட் மெல்ட்’ என்பார்கள். பெரும்பாலான பண்ணைகளில் இவற்றைத் தண்ணீருக்கு வெளியேதான், ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது. வேரைச் சுற்றியுள்ள சாம்பல்நிற ராக்வூல், பாறையை 1,500 டிகிரி வாக்கில் உருக்கிப் பஞ்சு மிட்டாய்போலச் சுழற்றி எடுத்த இழை. வெளியே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சும் இலைத்துளைகளும் உண்டு. நீருக்குள் இரண்டும் வீண் பாரம். செடி அந்த இலைகளைக் கைவிட்டு, மெழுகு மெலிந்த, தண்ணீரிலிருந்தே நேராகச் சத்து உறிஞ்சும் புது இலைகளை விடுகிறது. ஒரே செடி, இரண்டு உடல்கள். வேர் கெட்டியாக இருந்தால் தூக்கி எறியாமல் ஒரு மாதம் பொறுங்கள். ராக்வூலை மட்டும் முடிந்தவரை பிய்த்து எடுத்துவிட்டு நடுங்கள்.

இந்த இரட்டை வேடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு: கொட்டி. மூதுரையில், குளம் வற்றினால் பறவைகள் பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் போகாது என்று ஔவையார் உறவுக்கு உவமை சொன்ன அதே செடி. போகாததற்குக் காரணம் மண்ணுக்குள் புதைந்த கிழங்கு; தண்ணீர் வரும்வரை அது தூங்கும். இதன் சொந்தக்காரர்கள்தான் மீன்கடைகளில் ‘அபோனோஜெடான் பல்பு’ என்று கிழங்காக விற்கப்படுகிறார்கள். இலை உதிர்ந்து சட்டி வெறுமையானால் செத்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது.

சட்டியை நிரப்ப என்ன மண்? எனக்கு நம்பிக்கை கரம்பை மண்ணில்தான். கண்மாய் வற்றும்போது வெட்டி வயலுக்கு அடிக்கும் அதே வண்டல். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு எல்லாவற்றையும் பிடித்துவைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கும். சாணமோ தொழுஉரமோ கலந்தால் அம்மோனியா கொட்டும், வேண்டாம். மூன்று விரல் உயரம் கரம்பை, அதன்மேல் ஒரு விரல் கழுவிய ஆற்றுமணல். மணல் மூடி இல்லாவிட்டால் தொட்டி டீ நிறமாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள களித்துகள் அசையாத நீரில் ஓரடி இறங்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மீன் நீந்தும் தொட்டியில் அது இறங்கவே இறங்காது. இதில் நம் கடினநீர் கைகொடுக்கிறது. அதிலுள்ள கால்சியம், துகள்களின் மின்னேற்றத்தைத் தணித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்க, கட்டியானவை சீக்கிரம் படிகின்றன. கலங்கல் நீரில் தேற்றான்கொட்டையை உரசித் தெளியவைத்த பாட்டிமார்கள் செய்ததும் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கும் இதே வேலைதான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் புதைக்காதீர்கள். படுத்தவாக்கில் ஓடும் அவற்றின் மட்டநிலத்தண்டு மூடினால் அழுகும். சட்டி விளிம்பில் நூலால் கட்டிவிட்டால் போதும்.

சித்திரை வெயிலுக்கும் ஒரு வழி உண்டு. தொட்டியின் மேல் ஒரு சின்ன ஃபேன். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குத் தேவையான வெப்பம் முழுவதையும் 56 லிட்டரிலிருந்தே எடுத்தால் தொட்டி பத்து டிகிரி குளிரும். அறையின் சூடு திரும்பப் புகுவதால் நிஜத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கிரிப்டுக்கு அதுவே பெரிய நிம்மதி. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் உறிஞ்சும் என்பதால் விடியும்முன் தண்ணீர் மூச்சுத்திணறும். ஏர் பம்பை ராத்திரியில் அணைக்காதீர்கள்.

ஓராண்டுபோல ஓடியபின் மண் சத்திழந்து செடி மெலியும். சட்டியைத் தூக்கி, புது மண் போட்டு, திரும்ப வைத்துவிடலாம். மற்ற மூன்று சட்டிகளுக்கும் மீன்களுக்கும் செய்தியே தெரியாது. பழைய மண்ணை மாடியில் ரோஜாச் செடிக்குப் போடுங்கள், கால்வாயிலோ கண்மாயிலோ கொட்டாதீர்கள். கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் 2020-இல் ஓடையெங்கும் இளஞ்சிவப்பாகப் பூத்து ஊரே படம் எடுக்க வந்த கபோம்பா, தென்னமெரிக்காவிலிருந்து தொட்டி அலங்காரத்துக்காக ஊர் ஊராகப் போன செடி. நம் ஹைட்ரில்லா எதிர்த்திசையில் போயிருக்கிறது: 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டிச் செடியாக ஃப்ளோரிடா போய், அங்கே வாய்க்கால்களையும் ஏரிகளையும் அடைத்துக்கொண்டது. மண்ணுக்குள் அது விடும் பட்டாணி அளவுக் கிழங்குகள் நாலு ஆண்டுக்கு மேலும் முளைக்கும் தெம்போடு கிடக்கும். ரோஜாத் தொட்டியில் அவை முளைத்தால் வெயிலில் காய்ந்து போகும்.